ஓட்டு பிரியும் என்ற கணக்கு

2024 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பொதுநில ஆணையர் பதவிக்குப் பிரைமரி, அதாவது முதற்கட்டத் தேர்தல், நடந்தது. மாநிலத்துக்குச் சொந்தமான காடுகளையும் காட்டுத்தீ அணைப்பையும் கவனிக்கும் பதவி அது. போட்டியில் ஏழு பேர்: ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஐவர், குடியரசுக் கட்சிக்காரர்கள் இருவர். கட்சி எதுவானாலும் எல்லாப் பெயர்களும் ஒரே சீட்டில் இருக்கும். ஆளுக்கு ஓர் ஓட்டு. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மட்டும் நவம்பரில் மோதுவார்கள். குடியரசுக் கட்சியின் ஜேமி ஹெரேரா பியூட்லர் முதலில் வந்தார். இரண்டாமிடத்துக்கு அதே கட்சியின் சூ குல் பெடர்சனும் ஜனநாயகக் கட்சியின் டேவ் அப்தெகுரோவும் நெருங்கி வந்தார்கள். மறு எண்ணிக்கை முடிந்தபோது அப்தெகுரோவ் 49 ஓட்டில் தப்பியிருந்தார். பதிவானவை ஏறத்தாழ 19 லட்சம் ஓட்டுகள். ஐந்து ஜனநாயகக் கட்சிக்காரர்களும் சேர்ந்து வாங்கியது சுமார் 57 சதவீதம். இருபத்தைந்து பேர் அப்தெகுரோவை விட்டுப் பெடர்சன் பக்கம் சாய்ந்திருந்தால், பெரும்பான்மையோர் ஆதரித்த கட்சிக்கு நவம்பர் சீட்டில் பெயரே இருந்திருக்காது. நவம்பரில் வென்றவர் அப்தெகுரோவ்தான்.

இப்படி நூலிழையில் தப்பும்போதும், தப்பாமல் மாட்டிக்கொள்ளும்போதும் ஒரே குற்றச்சாட்டுதான் எழுகிறது. மனத்துக்குப் பிடித்தவருக்கே போட்டு ஓட்டைச் சிதறடித்தவர்களும், கடைசி வாரம்வரை முடிவெடுக்காமல் இருந்தவர்களும்தான் இதற்குக் காரணம் என்கிறார்கள். பிடித்தவருக்குப் போடாதே, ஜெயிக்கக்கூடியவருக்குப் போடு, அதாவது உத்தி ஓட்டுப் போடு என்ற அறிவுரை கூடவே வருகிறது. பார்த்தவுடன் ஏற்கத்தக்கதாகத் தோன்றும் அறிவுரை அது. தேர்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபின் எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. ஏன் என்று சொல்ல, இந்த முறை வேரூன்றிய கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் இது 2010 ஜூனில் மக்கள் ஓட்டெடுப்பால் வந்தது. முந்தைய ஆண்டு பட்ஜெட்டுக்கு ஓட்டுக் குறைந்து மாநில அரசு திண்டாடியபோது, ஏபல் மால்டொனாடோ என்ற குடியரசுக் கட்சி மாநில செனட்டர் தன் ஓட்டைக் கொடுத்து, பதிலுக்கு இந்தத் திருத்தத்தை மக்கள் முன் வைக்க வைத்தார். கட்சிகளின் பிடி தளரும், தீவிரர்கள் குறைவார்கள், நடுவில் நிற்பவர்கள் வெல்வார்கள் என்பது வாக்குறுதி. 2012-இல் முதன்முறை மாநிலம் முழுக்க அமலானது. அந்த முதல் முறையே சான் பெர்னார்டினோ பகுதியின் 31-ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் அதன் மறுபக்கம் தெரிந்துவிட்டது. ஜனநாயகக் கட்சியிலிருந்து நான்கு பேர், குடியரசுக் கட்சியிலிருந்து இரண்டு பேர். குடியரசுக் கட்சியின் கேரி மில்லர் 26.7 சதவீதம், பாப் டட்டன் 24.8, ஜனநாயகக் கட்சியின் பீட் அகிலார் 22.6. நவம்பரில் ஒபாமாவுக்கு வசதியான பெரும்பான்மை தந்த அந்தத் தொகுதியில், நாடாளுமன்றத்துக்கான சீட்டில் குடியரசுக் கட்சிக்காரர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

இங்கே பலரும் கவனிக்காமல் போகும் ஒரு விவரம் உண்டு. ஜனநாயகக் கட்சி ஓட்டு நான்காகப் பிரிந்தது மட்டும் போதாது; குடியரசுக் கட்சி ஓட்டு இரண்டாக, கிட்டத்தட்டச் சமமாகப் பிரிய வேண்டும். 40 சதவீதம் உள்ள கட்சியில் இருவர் ஆளுக்கு 20 வாங்கினால், 60 சதவீதம் உள்ள கட்சியின் நால்வர் ஆளுக்கு 15 வாங்கி வெளியே நிற்பார்கள். அதே 40 சதவீதம் 28-க்கும் 12-க்கும் பிரிந்தால் ஆபத்தே இல்லை. நால்வரில் ஒருவர் நிச்சயம் உள்ளே போவார். ஆக, ஒரு கட்சி வெளியே தள்ளப்படுவது அதன் சொந்த வாக்காளர்களின் சிதறலால் மட்டும் நடப்பதில்லை. எதிர்க்கட்சி வாக்காளர்கள் எப்படிப் பிரிகிறார்கள் என்பதும் சம அளவு காரணம். அது இவர்கள் கையில் இல்லை. பிரிந்து போட்டவர்கள் மீது மட்டும் பழி சுமத்துவது பாதிக் கணக்கை மறைப்பதாகும்.

2018-இல் ஆளுநர் தேர்தலில் இது தலைகீழாக நடந்தது. ஜூன் பிரைமரிக்குச் சில வாரங்கள் முன்பு, அதிபர் டிரம்ப் தொழிலதிபர் ஜான் காக்ஸுக்கு ஆதரவு அறிவித்தார். குடியரசுக் கட்சி ஓட்டு அவர் பக்கம் குவிந்தது: காக்ஸ் 25.4, அதே கட்சியின் டிராவிஸ் ஆலன் 9.5. ஜனநாயகக் கட்சியின் கேவின் நியூசம் 33.7 சதவீதத்தில் முதலிடம். மூன்றாமிடத்தில் 13.3-ஓடு நின்ற, நியூசமின் கட்சியையே சேர்ந்த அன்டோனியோ வில்லரைகோசாவுக்கு வாய்ப்பு போனது. அவருடைய கட்சிக்காரர்கள் ஒழுங்காகக் கணக்குப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. தீர்மானித்தது எதிர்த்தரப்பில் ஒலித்த ஒரு குரல்.

இப்போது உத்தி ஓட்டின் வெற்றி என்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தேர்தலுக்கு வருகிறேன். அதே 2018-இல் ஆரஞ்சு கவுன்டியின் கடலோரத்தில் 48-ஆவது தொகுதி. டேனா ரோராபேக்கர் என்ற நீண்டகால குடியரசுக் கட்சி உறுப்பினரை வீழ்த்த முடியும் என்ற நம்பிக்கையில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கூட்டமாக இறங்கினார்கள். ரோராபேக்கரின் கட்சியைச் சேர்ந்த ஸ்காட் பாஹும் நின்றதால் இரண்டு இடத்தையும் குடியரசுக் கட்சி பிடித்துவிடும் என்ற அச்சம் கடைசி வாரங்களில் பரவியது. ஒருவர் பின்னால் திரளுங்கள் என்ற வேண்டுகோள் தொகுதி முழுக்கக் கேட்டது. முடிவு: ரோராபேக்கர் 30 சதவீதம், ஜனநாயகக் கட்சியின் ஹார்லி ரூடா 17.3, அவரோடு மோதிய அதே கட்சியின் ஹான்ஸ் கீர்ஸ்டெட் 17.2, பாஹ் 15.8. ரூடாவுக்கும் கீர்ஸ்டெட்டுக்கும் இடையே 125 ஓட்டு. நவம்பரில் ரூடா வென்றார். திரண்டதால் கிடைத்த வெற்றி என்று அப்போதே எழுதிவிட்டார்கள்.

எண்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. திரண்டிருந்தால் ஒருவர் முன்னே போயிருப்பார், மற்றவர் பின்தங்கியிருப்பார். இங்கே இருவரும் ஏறத்தாழச் சமம். இதைவிடச் சுத்தமாகப் பிரிய முடியாது. திரளுங்கள் என்ற வேண்டுகோளை இரு பக்கத்து ஆதரவாளர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் ஆளுக்குப் பின்னால் திரண்டிருக்கிறார்கள். தப்பியதற்குக் காரணம், பாஹ் இன்னும் கொஞ்சம் உயராததுதான். அதில் கணிசமான பங்கு, ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றப் பிரச்சாரக் குழு பாஹைத் தாக்கி வெளியிட்ட விளம்பரங்களுக்கு உண்டு என்பது என் கணிப்பு. வாக்காளரின் சாமர்த்தியத்துக்கு நாம் எழுதிவைத்த வரவில் பெரும்பகுதி, பணத்தின் வரவு.

யார் பின்னால் திரள்வது என்பதில் தலைவர்களே ஒத்துப்போகவில்லை என்பது இன்னும் முக்கியம். கலிஃபோர்னியா மாநிலக் கட்சி கீர்ஸ்டெட்டை ஆதரித்தது, வாஷிங்டன் டி.சி.யில் உள்ள பிரச்சாரக் குழு ரூடாவை ஆதரித்தது. போட்டியிலிருந்து விலகிய சிலரின் பெயர்களும் சீட்டில் இருந்தபடியே ஓட்டு வாங்கின. அந்த மே மாதம் அத்தொகுதியில் ஒரு பெண், தபாலில் வந்த சீட்டைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு யோசிப்பதாக நினைத்துக்கொள்வோம். கணக்கோடு போட வேண்டும் என்ற அறிவுரையை முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறார். சரி, யாருக்குப் போடுவார்?

கருத்துக்கணிப்பைப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு தொகுதிக் கணிப்பில் அறுநூறு பேரைக் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 17 சதவீதத்தில் நிற்கும் ஒருவரின் எண்ணில் மேலும் கீழும் மூன்று புள்ளி பிழை இருக்கும். 17-இல் நிற்கும் இருவருக்கு இடையிலான வித்தியாசத்திலோ பிழை ஐந்து புள்ளிக்கு அருகே போகும். உண்மையில் அங்கே இருந்த வித்தியாசம் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதோடு அந்தக் கணிப்பிலேயே கணிசமான பேர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று சொல்லியிருப்பார்கள். கேட்ட நாளைக்கும் ஓட்டு நாளைக்கும் இடையே அவர்கள் எங்கே போனார்கள் என்று கணிப்புக்குத் தெரியாது. உத்தி ஓட்டுக்குத் தேவையான தகவல், உத்தி ஓட்டு அவசியமாகும் நெருக்கமான போட்டியில்தான் கிடைக்காமல் போகிறது. எளிய போட்டியில் தகவல் கிடைக்கும். அங்கே அது தேவைப்படாது. என் தீர்ப்பின் நடுத்தூண் இதுதான்.

அரசியல் அறிஞர் கேரி காக்ஸ் 1997-இல் வெளியிட்ட நூலில் ஒரு பொது விதியை நிறுவினார். ஆளுக்கு ஓர் ஓட்டு, இடங்கள் இத்தனை என்றால், உண்மையான போட்டியாளர்கள் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிய அளவுக்குச் சுருங்கிவிடுவார்கள். ஓர் இடம் என்றால் இரண்டு பேர்; இரண்டு இடம் என்றால் மூன்று பேர். கலிஃபோர்னியாவின் பிரைமரி இரண்டு இடத் தேர்தல்தான். மூன்றுக்குள் சுருங்க வேண்டும். அப்படிச் சுருங்க என்ன தேவை என்றும் காக்ஸ் சொல்கிறார்: யார் முன்னால், யார் பின்னால் என்பது பொதுவாக எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் சமமாக நின்றால் சுருங்குவதே நடக்காது. வாக்காளர் முட்டாள் என்பதால் அல்ல. எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் தெரியாததால்.

ஜப்பான் 1994-இல் மாற்றும்வரை கீழவைத் தேர்தலுக்கு இதே மாதிரி முறையைத்தான் வைத்திருந்தது: ஒரு தொகுதிக்குப் பல இடம், ஆளுக்கு ஓர் ஓட்டு. அங்கே ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி பல பத்தாண்டுகளாகச் சமாளித்தது. எத்தனை பேரை நிறுத்துவது என்பது கட்சியின் கையில் இருந்தது. தொகுதிக்குள் எந்த வட்டாரம் யாருக்கு என்று வேட்பாளர்களின் ஆதரவுச் சங்கங்கள் பிரித்துக்கொண்டன. கணக்குப் போடும் வேலை அங்கே அமைப்பினுடையது. கலிஃபோர்னியாவிலோ, இந்தக் கட்சியை விரும்புகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் யாரும் அந்தப் பெயரோடு சீட்டில் ஏறலாம். கட்சியின் ஆதரவு யாருக்கு என்பது சீட்டில் அச்சாகாது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைக் கட்சியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதோடு சேர்ந்திருந்த ஒருங்கிணைக்கும் வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. அது மெல்ல நழுவி, சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது.

இந்த இடத்தில் முடிவெடுக்காதவரைப் பற்றி நேராகப் பேசிவிட வேண்டும். அவரைச் சோம்பேறி என்றோ அக்கறையற்றவர் என்றோ சித்திரிப்பது வழக்கம். அக்கறையற்றவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் பதிவான ஒவ்வொரு வாக்காளருக்கும் தேர்தலுக்கு 29 நாள் முன்பே தபாலில் சீட்டு அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் வாரமே போட்டு அனுப்பியவர், கடைசி இரண்டு வாரத்தில் யாராவது சரிந்தாலும் விலகினாலும் தன் ஓட்டைத் திரும்ப எடுக்க முடியாது. காத்திருப்பவருக்கு அந்தத் தகவல் கிடைக்கிறது. கூட்டமான பிரைமரியில் கடைசி நாள்வரை சீட்டைக் கையில் வைத்திருப்பவர்தான், உத்தி ஓட்டு கேட்பவர்கள் சொல்லும் வேலையை உண்மையில் செய்யக்கூடியவர். அவரையே பழிப்பதும் அவரிடமே கணக்கு எதிர்பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

தற்காப்புக்காக ஓட்டை மாற்றுவது ஒன்று. எதிராளியைப் பொறுக்கி எடுப்பதற்காகச் செய்வது வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம். கலிஃபோர்னியாவின் 2024 மார்ச் 5 அமெரிக்க செனட் பிரைமரி இரண்டாவது வகை. ஆடம் ஷிஃப், கேட்டி போர்ட்டர், பார்பரா லீ மூவரும் ஜனநாயகக் கட்சி. முன்னாள் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் கார்வி குடியரசுக் கட்சி. நவம்பரில் போர்ட்டரோடு மோதுவதைவிடக் கார்வியோடு மோதுவது ஷிஃபுக்கு எளிது. அவர் தரப்பு விளம்பரங்கள், கார்வி கலிஃபோர்னியாவுக்குத் தாங்காத பழமைவாதி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் குடியரசுக் கட்சி வாக்காளர்களுக்கு அவரை அடையாளம் காட்டின. போர்ட்டர் தரப்பும் கை கட்டி இருக்கவில்லை. இன்னொரு குடியரசுக் கட்சிக்காரரான எரிக் எர்லியை உயர்த்தி அந்த ஓட்டைப் பிரிக்கப் பார்த்தது. ஷிஃப் 31.6, கார்வி 31.5, போர்ட்டர் 15.3, லீ 9.8. நவம்பரில் ஷிஃப் சுமார் 59 சதவீதம் வாங்கி வென்றார்.

ஷிஃபைக் காப்பவர்கள், விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை, குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு நவம்பரில் சொந்த வேட்பாளர் கிடைத்தாரே என்கிறார்கள். இரண்டாவது வாதத்துக்கு எடை உண்டு. 2016-இல் கமலா ஹாரிஸும் லொரெட்டா சான்செஸும், 2018-இல் டயான் ஃபைன்ஸ்டைனும் கெவின் டி லியோனும் என இரு ஜனநாயகக் கட்சிக்காரர்களே நவம்பரில் மோதியபோது, குடியரசுக் கட்சி வாக்காளர்களில் பலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போனார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தாலும், 2024-இன் உத்தியை என்னால் ஏற்க முடியவில்லை. யார் வெல்வார் என்று முன்பே தெரிந்த மோதலை வரவழைத்ததால், உண்மையான தேர்வு மார்ச்சில், குறைவான பேர் ஓட்டளித்த பிரைமரியிலேயே முடிந்துவிட்டது. தற்காப்பு உத்தி, நவம்பர் சீட்டில் ஒரு பெரும்பகுதி மக்களின் குரலைக் காப்பாற்றுகிறது. இந்த உத்தி நவம்பர் சீட்டின் பொருளையே எடுத்துவிடுகிறது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று 2022-இன் மாநில செனட் 4-ஆவது தொகுதி. குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த தொகுதி. அங்கே அந்தக் கட்சியிலிருந்து ஆறு பேர் நின்றார்கள். சேர்ந்து பாதிக்கு மேல் வாங்கினார்கள். ஆனாலும் நவம்பருக்குப் போனவர்கள் இரண்டு ஜனநாயகக் கட்சிக்காரர்கள். பெரும்பான்மை முழுதாக வெளியே. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. இருவரில் மிதமானவராகத் தெரிந்த மேரி அல்வராடோ-கில் வென்றார். 2024-இல் அவர் குடியரசுக் கட்சிக்கே மாறிவிட்டார். வெளியே தள்ளப்பட்டவர்களுக்கும் நவம்பரில் பலம் உண்டு, ஆகவே உத்தி ஓட்டு பற்றிய பதற்றமே மிகை என்று முறையின் ஆதரவாளர்கள் இதைக் காட்டலாம். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்தது ஒரு கட்சியின் பெயரில் நின்றவரை. பதவிக்காலத்தின் நடுவே வேறொரு கட்சியின் உறுப்பினர் கிடைத்தார். பிழையைப் பிழை சரிசெய்தது என்பதை முறையின் சிறப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் தரவரிசை ஓட்டு, அதாவது ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பத்தைக் குறிப்பது, இதற்கு மருந்தா? ஓட்டு பிரியும் என்ற அச்சத்தை அது பெரிதும் குறைக்கும். ஆனால் நடைமுறைக்கு உகந்த எந்த முறையிலும் உத்தி ஓட்டை முற்றிலும் ஒழிக்க முடியாது என்று ஆலன் கிப்பார்டும் மார்க் சாட்டர்த்வெய்ட்டும் 1970-களில் கணித முறையில் நிறுவிவிட்டார்கள். வசதி இருந்தால் மட்டும் போதாது, மக்கள் அதைப் பயன்படுத்தவும் வேண்டும் என்பதற்கு இலங்கை அருகிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதி கிடைக்காததால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முதல் இருவர் தவிர மற்றவர்களுக்கு விழுந்தவை சுமார் 33 லட்சம். அவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்கவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் போய்ச் சேர்ந்தவை மூன்று லட்சத்துக்கும் குறைவு. நாற்பதாண்டுக்கு மேலாகச் சீட்டில் இருந்த உரிமை, பெரும்பாலோர் கை வைக்காமலே கிடந்திருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பைச் சுருக்கமான நிபந்தனைகளோடு சொல்கிறேன். கூட்டமான பிரைமரியில் உத்தி ஓட்டு, தலைவர்கள் ஒரே குரலில் ஒருவரைக் காட்டி, சீட்டு தபாலில் போகும் முன்பே காட்டினால் வேலை செய்யும். அப்போது அதைச் செய்வது நியாயம். அந்தக் குரல் வராதபோது, வாக்காளர் தனியாகப் போடும் கணக்கு பெரும்பாலும் ஊகம்தான். ஊகத்துக்காக மனத்துக்குப் பிடித்தவரைக் கைவிடச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. பொறுப்பு முதலில், தோற்கப்போவது தெரிந்தும் விலகாத வேட்பாளருக்கு. அடுத்து, இரண்டு தலைமையாக நின்று இரண்டு பெயரைச் சொல்லும் கட்சிக்கு. அதற்கடுத்து, விலக விரும்பியவரையும் விடாத சட்டத்துக்கு.

அந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் முதலில் மாற்றுவேன். கலிஃபோர்னியாவில் வேட்புமனு தேர்தலுக்கு 88 நாள் முன்பு முடிகிறது. பதவியில் இருப்பவர் மனுத் தாக்கல் செய்யாவிட்டால் 83 நாள். அதன்பின் ஒருவர் மேடை ஏறி விலகிவிட்டேன் என்று அறிவித்தாலும் பெயர் சீட்டிலிருந்து போகாது. வாஷிங்டனில் விலக மே மாதத்தில் மனு வாரம் முடிந்தபின் வரும் திங்கள்வரை அவகாசம், ஓட்டு ஆகஸ்டில். யார் நிற்க முடியும், யார் நிற்க முடியாது என்பது தெளியத் தொடங்கும் முன்பே கதவு மூடிவிடுகிறது. அலாஸ்காவில் பிரைமரியில் முதல் நால்வர் தேறுவார்கள். தேறியவரும் நவம்பருக்கு 64 நாள் முன்புவரை விலகலாம். 2024-இல் நாடாளுமன்றத் தொகுதிக்கு மூன்றாவதாக வந்த நான்சி டால்ஸ்ட்ரம், தன் கட்சியின் நிக் பெகிச்சுக்கு வழிவிட்டு விலகினார், அவர் பெயர் சீட்டில் இல்லை, பெகிச் வென்றார். வாக்காளர் யாரும் அங்கே கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. கலிஃபோர்னியாவிலும் விலகுவதற்கான கெடுவைச் சீட்டு அச்சுக்குப் போகும் நாள்வரை நீட்டலாம் என்பது என் யோசனை.

சிலிகான் பள்ளத்தாக்கின் 16-ஆவது தொகுதியில் 2024 மார்ச்சில் பதினொரு பேர் நின்றார்கள். சாம் லிக்கார்டோ முதலிடம். இரண்டாமிடத்துக்கு இவான் லோவும் ஜோ சிமிட்டியனும் ஆளுக்குச் சரியாக 30,249 ஓட்டு. மறு எண்ணிக்கையில் லோ ஐந்து ஓட்டு முன்னே வந்தார். அங்கே எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்த ஒருவருக்கு, அவருடைய கொள்கை பிடித்துப்போய் ஓட்டுப் போட்ட ஐந்து பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.